கோலாலம்பூரில் மகளை ஐஸ் ஹாக்கியில் சேர்க்கலாமா?

செந்தூல் அப்பா:

வணக்கம். என் மகள் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். போன பள்ளி விடுமுறையில் அவளுடைய சித்தப்பா சன்வே பிரமிட் மாலில் உள்ள ஐஸ் ரிங்க்குக்கு (ஸ்கேட் கட்டிச் சறுக்கும் பனித்தளம்) கூட்டிப் போனார். பொதுமக்கள் நேரம் முடிந்ததும் தலைக்கவசமும் பெரிய பெரிய பைகளுமாகச் சில பிள்ளைகள் இறங்கியிருக்கிறார்கள். இவள் ஓரத் தடுப்பை விட்டு நகரவே இல்லையாம். வீட்டுக்கு வந்து கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, "அப்பா, மலேசியாவுக்கு ஐஸ் ஹாக்கி அணி இருக்கு, பெண்கள் அணியும் இருக்கு, நான் அதுல ஆடணும்" என்றாள். இரண்டு மாதமாக இதே பேச்சுதான்.

என் அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை செய்தவர், ஹாக்கி ஆடியவர். 1975 உலகக் கிண்ணம் கோலாலம்பூரில் நடந்தபோது அரையிறுதியில் நாம் இந்தியாவிடம் 3-2 என்று தோற்றதை இன்றும் சாப்பாட்டு மேசையில் சொல்லி வருத்தப்படுவார். பேத்தி ஸ்டிக் பிடிக்க ஆசைப்படுவதில் அவருக்குச் சந்தோஷம். ஆனால் "திடலில் ஆடட்டுமே, ஐஸ் எதற்கு?" என்கிறார். மனைவியின் பயம் வேறு. பிள்ளைக்கு மழையில் நனைந்தாலே இழுப்பு வரும்.

நான் பத்துமலைப் பக்கம் ஒரு கிடங்கில் வேலை செய்கிறேன். மாதம் 300 வெள்ளி (ரிங்கிட்) வரை ஒதுக்கலாம், அதற்கு மேல் முடியாது. வெயில் நாட்டில் இதற்கு உண்மையிலேயே ஒரு பாதை இருக்கிறதா? முதலில் என்ன செய்வது?

செராஸ் சில்லர்:

அண்ணே, நான் கட்டடங்களில் சில்லர் (குளிரூட்டும் இயந்திரம்) பழுது பார்ப்பவன். 31 வயதில் முதல்முறை ஸ்கேட் கட்டினேன். ஒன்பது வருடமாக வாரம் ஒரு நாள் நண்பர்களோடு ஆடுகிறேன்.

பாதை இருக்கிறது. மலேசியா 2006-லேயே அனைத்துலக ஐஸ் ஹாக்கி சம்மேளனத்தில் சேர்ந்துவிட்டது. 2017-இல் தென்கிழக்கு ஆசிய நாடுகளின் சீ விளையாட்டுப் போட்டி இங்கே நடந்தபோதுதான் முதன்முதலாக ஐஸ் ஹாக்கியையும் சேர்த்தார்கள். டாமன்சாரா எம்பயர் சிட்டி ரிங்க்கில் ஆட்டம். வேலை முடிந்த கையோடு போய்ப் பார்த்தேன். தங்கம் பிலிப்பைன்ஸுக்கு, வெள்ளி தாய்லாந்துக்கு. பிலிப்பைன்ஸ் சம்மேளனத்தில் சேர்ந்ததே 2016-இல்தான்! அவர்கள் ஊரிலும் மாலுக்குள்தான் ரிங்க். அன்றிலிருந்து "பனி பெய்யாத நாட்டுக்கு எதற்கு இது" என்று யார் சொன்னாலும் நான் விட மாட்டேன். 2018 குளிர்கால ஒலிம்பிக்கில் ஃபிகர் ஸ்கேட்டிங் செய்த நம் ஜூலியன் யீ, உங்கள் மகள் நின்று பார்த்த அதே சன்வே ரிங்க்கில் பழகியவர்தான்.

நமக்குத் தட்டுப்பாடு ரிங்க் நேரத்துக்குத்தான். ஏன் என்று என் தொழிலை வைத்துச் சொல்கிறேன். அந்த ஐஸுக்கு அடியில் கான்கிரீட் தளம் இருக்கிறது. அதற்குள் குழாய்கள், குழாய்களுக்குள் உறையாத குளிர்நீர்மம் இரவு பகலாக ஓடும். ஐஸின் கனம் மூன்று, நான்கு சென்டிமீட்டர்தான். ஹாக்கிக்கு அது மைனஸ் 5 டிகிரி வாக்கில் இருந்தால் நல்லது. கொஞ்சம் இளகினாலும் பக் (பந்துக்குப் பதிலாக அடிக்கும் ரப்பர் வட்டு) இழுபடும், வேகம் செத்துவிடும். கனடாவில் தளத்தைக் குளிர வைப்பதுதான் பெரிய வேலை. இங்கே ஈரப்பதமும் சேர்ந்து கொல்லும். கதவு திறக்கும்போதெல்லாம் ஈரக் காற்று உள்ளே வரும், ஐஸ் மேல் மூடுபனி கட்டும், கூரையில் படிந்த நீர் சொட்டி மேடு மேடாக உறையும். அதனால் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயந்திரம் தனியாக ஓட வேண்டும். இத்தனைக்கும் மின்கட்டணம் யார் கொடுப்பது? பகலில் சீட்டு வாங்கி வரும் பொதுமக்கள்தான். ஆகவே ஹாக்கிக்கு மிஞ்சுவது விடியற்காலையும் பின்னிரவும். எங்கள் ஆட்டம் இரவு 10:45-க்குத்தான் தொடங்கும், முடித்துக் குளித்து மாமாக் கடையில் உட்காரும்போது மணி ஒன்றாகிவிடும். பிள்ளைகளுக்குக் கொஞ்சம் நல்ல நேரம் கொடுப்பார்கள். ஆனாலும் உங்கள் தூக்கம் போகும், அதற்குத் தயாராக இருங்கள்.

பணத்தைப் பொறுத்தவரை, முதல் மூன்று மாதம் ஹாக்கிச் சாமான் எதையும் வாங்காதீர்கள். வாடகை ஸ்கேட் போதும். ஸ்டிக்கைத் தொடாமல் ஸ்கேட்டிங் மட்டும் பழகட்டும்: விழுவது, எழுவது, இரண்டு பக்கமும் நிற்பது, பின்னோக்கிப் போவது. எங்கள் கூட்டத்தில் வேகமாக ஆடுபவர்கள் எல்லாரும் ஸ்கேட்டிங்கில் கெட்டி, மற்றதெல்லாம் பிறகு வந்தது.

இழுப்புக்கு முதலில் மருத்துவரைக் கேளுங்கள். குளிர்ந்த காற்றில் மூச்சு வாங்க ஓடுவது சில பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாது. எங்களோடு ஆடும் ஒருவர் இன்ஹேலரைத் தண்ணீர்ப் போத்தல் பக்கத்திலேயே வைத்திருப்பார், நன்றாகவே ஆடுகிறார்.

சுபாங் அம்மா:

என் மகன் நான்கு வருடமாக ஆடுகிறான். நான் செய்த தவற்றை நீங்கள் செய்யக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். கால் வளரும் வயதுதானே என்று ஒரு கடைக்காரர் சொன்னதைக் கேட்டு இரண்டு அளவு பெரிய ஸ்கேட் வாங்கினேன். கணுக்கால் உள்ளே ஆடி, தோல் உரிந்து, பிள்ளை நான்கு மாதம் ரிங்க் பக்கமே வர மாட்டேன் என்று அழுதான். பெற்றோர்கள் பழைய சாமானைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். அவனுடைய அடுத்த ஸ்கேட்டை 150 வெள்ளிக்கு அப்படித்தான் வாங்கினேன், அளவு கச்சிதம். கேட்கத் தயங்காதீர்கள்.

அடிபடும் என்ற பயம் எனக்கும் இருந்தது. பிள்ளைகள் முகம் முழுவதும் மறைக்கும் கவசம் போட்டுத்தான் ஆட வேண்டும். பெண்கள் ஆட்டத்தில் உடம்பால் இடித்துத் தள்ளினால் தண்டனை உண்டு. கோயிலில் ஞாயிறு தேவார வகுப்பு இருந்தால் முன்கூட்டியே பேசி வையுங்கள். எங்களுக்கு அதே நேரத்தில்தான் பயிற்சி விழுந்தது, ஆசிரியர் நல்ல மனதோடு சனிக்கிழமைக்கு மாற்றிக் கொடுத்தார்.

செந்தூலிலிருந்து காடி எடுக்க வேண்டாம். கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து, கிள்ளான் பாதைக்கு மாறி, செத்தியா ஜெயாவில் இறங்கினால் பிஆர்டி பஸ் (தனிப்பாதையில் ஓடும் பஸ்). ரிங்க்குக்குச் சன்வே லகூன் நிறுத்தத்தில் இறங்குங்கள்.

பழைய ஹாஃப்பேக்:

தாத்தாவுக்கு ஒரு வார்த்தை. நானும் திடலில் ஆடி வளர்ந்தவன்தான். நம் ஸ்டிக் வலக்கைக்கு மட்டும், தட்டையான ஒரு பக்கத்தால்தான் அடிக்கலாம். ஐஸ் ஹாக்கியில் இடக்கை ஸ்டிக்கும் உண்டு, இரண்டு பக்கத்தாலும் ஆடலாம். பேத்திக்கு எந்தக் கை வாகாக இருக்கிறது என்று வீட்டில் துடைப்பக் குச்சியைக் கொடுத்துப் பாருங்கள். நாம் கைவிட்ட ஆஃப்சைடு அங்கே இன்னும் இருக்கிறது, எதிரணிப் பக்கத்து நீலக் கோட்டைப் பக்குக்கு முன்னால் தாண்டக் கூடாது. ஆனால் பந்து வருவதற்கு முன்பே தலையைத் தூக்கி ஆளைப் பார்ப்பது, காலி இடத்துக்குப் பாஸ் கொடுப்பது, இதெல்லாம் ஒன்றுதான். இதைத் தாத்தா வீட்டின் ஐந்தடி வாசலிலேயே சொல்லிக் கொடுக்கலாம். அவர் கூட இருந்தால் அந்தப் பிள்ளைக்குப் பெரிய பலம்.

செந்தூல் அப்பா:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. மருத்துவர் பார்த்துவிட்டார், இன்ஹேலரோடு போகலாம் என்றார். உங்கள் பதில்களை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். இடக்கை ஸ்டிக் என்றதும் எழுந்து உட்கார்ந்தார். நேற்று மாலை துடைப்பக் குச்சியைக் கொடுத்துப் பார்த்தோம், பிள்ளை இடக்கைக்காரி போலத்தான் பிடிக்கிறாள். வரும் சனிக்கிழமை மூன்று பேரும் காலைக் கொமுட்டரில் போகிறோம். வாடகை ஸ்கேட்டுக்கு எந்தக் காலுறை நல்லது? தடித்ததா, மெல்லியதா?

செராஸ் சில்லர்:

மெல்லியது, கணுக்காலுக்கு மேல் வருவதாக இருக்கட்டும். தடித்த காலுறை போட்டால் ஸ்கேட்டுக்குள் கால் நழுவும், கயிற்றை எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது. ஒரு ஜோடி கூடுதலாக எடுத்துப் போங்கள், முதல் நாள் விழுந்து விழுந்து நனைந்துவிடும். தாத்தாவுக்கு ஸ்வெட்டர் மறக்காதீர்கள்.