வெயில் ஏறினால் லேப்டாப் திரையில் புள்ளியும் கோடும்: டிஸ்ப்ளே மாற்றித்தான் ஆகணுமா?

ஏகாம்பரகுப்பம் தறிவீடு

எல்லாருக்கும் வணக்கம். நகரி பக்கம் ஏகாம்பரகுப்பத்துல இருக்கோம். வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கொட்டகை. லேப்டாப் 15.6 அங்குலம், தனி கிராபிக்ஸ் சிப் உள்ளது, வாங்கி ஆறு வருஷம் ஆகுது. தம்பி அதுல சேலை பார்டர் டிசைன் போடுறான். நான் ஜிஎஸ்டியும் நூல் கணக்கும் பார்க்கிறேன்.

காலையில ஆன் பண்ணா நல்லா இருக்கு. டிசைன் சாஃப்ட்வேர் திறந்து அரை மணி நேரம் ஆனா திரை முழுக்கப் பச்சையும் சிவப்புமா பொடிப்பொடியா புள்ளி விழுது. அப்புறம் ஒரு நொடி கறுத்துத் திரும்ப வருது. சில நாள் வர்றதே இல்ல, ஃபேன் மட்டும் கத்திக்கிட்டே இருக்கும். அப்பப்போ குறுக்குக் கோடும் வருது. அணைச்சு ஒரு மணி நேரம் விட்டா பழையபடி ஆயிடும். கத்திரி தொடங்கினதுல இருந்து ரொம்ப மோசம்.

கிராபிக்ஸ் டிரைவர் சாஃப்ட்வேரை நீக்கிட்டுப் புதுசாப் போட்டாச்சு, மாற்றமில்ல. ஒரு கடையில "டிஸ்ப்ளே போயிந்தி, மார்ச்சாலி" (டிஸ்ப்ளே போச்சு, மாத்தணும்) என்று தெலுங்குல சொல்லி 6,500 ரூபாய் கேட்டாங்க. இன்னொரு கடையில கிராபிக்ஸ் சிப் போச்சு, போர்டையே மாத்தணும்னு சொல்றாங்க. ரெண்டு பேருமே திறந்து பார்க்கல. தீபாவளிச் சரக்குக்கு டிசைன் இப்பவே முடிச்சாகணும். யார் சொல்றதை நம்பிக் காசு போடுறது?

புத்தூர் பாலிடெக்னிக்

அக்கா, விண்டோஸை முழுசா அழிச்சுப் புதுசாப் போட்டுப் பாருங்க. எனக்கு அப்படித்தான் சரியாச்சு.

போர்டு வேலை, திருத்தணி

தம்பி, ஆறின பிறகு தானா சரியாகுற கோளாறுக்கு விண்டோஸ் போடுறது நேரம்தான் வீண். அவங்க டிரைவரையும் மாத்திப் பார்த்துட்டாங்க.

அம்மா, ரெண்டு கடையிலயும் திறக்காமலே தீர்ப்பு சொன்னதுதான் எனக்கு உறுத்துது. காசு கொடுக்குறதுக்கு முன்னாடி தெரிய வேண்டியது ஒண்ணுதான்: அந்தப் புள்ளி எங்க பிறக்குது? படம் கிராபிக்ஸ் சிப்புல உருவாகுது. போர்டுல இருந்து மெல்லிசான ஒரு கேபிள் ஹிஞ்ச் (மூடியோட கீல்) வழியா மேல ஏறி, மூடிக்குள்ள இருக்கிற பேனலுக்கு, அதாவது திரைக்கு, அதைக் கொண்டு போகுது. சிப், கேபிள், பேனல் இதுல எது கெட்டாலும் பார்க்குறவங்களுக்கு "டிஸ்ப்ளே கோளாறு"தான். ஆனா செலவு ஒவ்வொண்ணுக்கும் வேற.

வீட்டு டிவியில ஹெச்டிஎம்ஐ கேபிள் மாட்டி, லேப்டாப் திரையும் டிவியும் ஒரே படத்தைக் காட்டுற மாதிரி வைங்க. கோளாறு வர்ற வரைக்கும் வேலை செய்யுங்க. டிவியிலயும் புள்ளி விழுந்தா பேனல் மேல பழி போடக் கூடாது. புள்ளி தெரியும்போதே விண்டோஸ் விசையோட பிரிண்ட் ஸ்கிரீன் விசையையும் சேர்த்து அமுக்கி, அந்தப் படத்தை ஃபோனுக்கு அனுப்பிப் பாருங்க. ஃபோன்லயும் புள்ளி இருந்தா சிப், அதோட மெமரி, இல்ல டிரைவர். ஸ்கிரீன்ஷாட் சுத்தமா இருந்தா கேபிள், பேனல் பக்கம் சந்தேகம் கூடும்.

காலையில, மெஷின் சில்லுனு இருக்கும்போதே மூடியை மெதுவா முன்னும் பின்னும் சாய்ச்சுப் பாருங்க. அப்பவும் கோடு வருதான்னு தனியாக் குறிச்சு வைங்க. இதை யாரும் செய்யுறதில்ல. எல்லாத்தையும் ஒரே கோளாறுன்னு நினைச்சுடுறாங்க.

திரை கறுத்து வராமப் போனா உடனே பவர் பட்டனை அமுக்கிப் பிடிக்காதீங்க. விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி நாலையும் ஒண்ணா அமுக்குங்க. கிராபிக்ஸ் டிரைவர் மட்டும் மறுபடி தொடங்கும். அதுல திரை உயிர் பெற்றா பேனல் நல்லாத்தான் இருக்குன்னு அர்த்தம்.

பள்ளிப்பட்டு ஆசிரியர்

மேலே சொன்னவற்றோடு வெப்பநிலையையும் எழுதி வையுங்கள். ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச நிரல் சிபியு (முதன்மை புராசசர்), ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) இரண்டின் சூட்டையும் காட்டும். பெரும்பாலான இன்டெல் லேப்டாப் சிப்கள் 100 டிகிரியை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். அங்கே போய் முட்டி நின்றால் காற்றோட்டம் அடைபட்டிருக்கலாம் என்று சந்தேகப்படலாம். சூட்டைச் சோதிக்க என்று ஃபர்மார்க் போன்ற நிரல்களை ஓட்ட வேண்டாம். நொந்துபோன மெஷினை மேலும் வதைக்கும்.

இன்னொன்று. லேப்டாப் கையேடுகளில் இயங்கும் இடத்தின் வெப்பம் பெரும்பாலும் 35 டிகிரி வரை என்றுதான் போட்டிருப்பார்கள். கத்திரியில் நம் பக்கம் வெளியிலேயே 40ஐத் தாண்டுகிறது. தகரக் கூரைக்குக் கீழே தறியும் ஓடினால் உள்ளே எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். லேப்டாப் எங்கே வைத்திருக்கிறீர்கள்?

ஏகாம்பரகுப்பம் தறிவீடு

ஐயா, கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவுல இருக்கிற அறையில. பாவு பிணைக்கிறவங்க வந்து போற வழி. தம்பி கட்டில்ல மெத்தை மேல வெச்சுத்தான் வரைவான்.

சொன்னபடி செஞ்சோம். ஆன் பண்ணதும் ஜிபியு 54 டிகிரி. புள்ளி விழுந்தப்போ ஜிபியு 96, சிபியு 99. டிவியிலயும் அதே புள்ளி வந்தது. ஸ்கிரீன்ஷாட்டை ஃபோன்ல பார்த்தோம், அதுலயும் இருக்கு. நாலு விசை அமுக்கினதும் திரை திரும்பி வந்துச்சு.

ஆனா குறுக்குக் கோடு டிவியில ஒரு தடவை கூட வரல. காலையில சில்லுனு இருக்கும்போதே மூடியைச் சாய்ச்சா வருது, நிமிர்த்தினா போயிடுது. இது எப்படி?

போர்டு வேலை, திருத்தணி

நல்லாப் பார்த்திருக்கீங்க. உங்க லேப்டாப்புல இருக்கிறது ரெண்டு கோளாறு. புள்ளியும் கறுப்பும் சூட்டால, சிப் பக்கம். கோடு ஹிஞ்சுக்குள்ள நசுங்கின கேபிளால. சூடு இல்லாட்டியும் அது வரும். 6,500 கொடுத்து டிஸ்ப்ளே மாத்தியிருந்தா, கேபிளையும் பிடுங்கி மாட்டுறதுல கோடு கொஞ்ச நாள் அடங்கியிருக்கும், புள்ளி அப்படியே நின்னிருக்கும். போர்டு மாத்தியிருந்தா தூசியோட பழைய ஹீட் சிங்க்கையே (சிப்போட சூட்டை வெளியேத்துற செம்புத் தகடு) திரும்ப மாட்டியிருப்பாங்க, கோடும் போயிருக்காது.

முதல்ல சூட்டைப் பாருங்க. தறி வீட்டு லேப்டாப் நான் நிறையத் திறந்திருக்கேன். சாதாரணத் தூசி ஊதினா போயிடும். உங்க வீட்டுல பறக்குறது பஞ்சும், பாவுல போட்ட கஞ்சி உதிர்ந்த பொடியும். ஃபேன் அதை உள்ள இழுத்து, செம்புத் தகடுகளோட வாசல்ல கொண்டு போய் அப்பும். வெளியில இருந்து காற்று அடிச்சா அந்த அடைப்பு நகராது. ஃபேனைக் கழட்டித்தான் எடுக்கணும்.

திறக்கிறது இப்படி. சார்ஜரை எடுத்து, அணைச்சு, அடிப்பக்க மூடியைக் கழட்டினதும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைப் பிரிக்கிறது. அதுக்கு முன்னாடி எதையும் தொடாதீங்க. பேட்டரி உப்பி இருந்தா அங்கேயே நிறுத்திடுங்க, குத்தவோ நெம்பவோ கூடாது. ஃபேனைத் தனியாக் கழட்டினா அடைப்பு கண்ணுக்கே தெரியும். பிரஷ்ஷால எடுத்துட்டு, மிச்சத்தை ஊதுங்க. ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்குங்க, காத்துல தாறுமாறாச் சுத்தினா பேரிங் போயிடும்.

ஆறு வருஷம்னா சிப்புக்கும் ஹீட் சிங்க்குக்கும் நடுவுல பூசியிருக்கிற தெர்மல் பேஸ்ட்டும் காய்ஞ்சிருக்கும். ஹீட் சிங்க் ஸ்குரூ பக்கத்துல 1, 2, 3, 4ன்னு எண் இருக்கும். கழட்டும்போது பெரிய எண்ணுல இருந்து, ஒவ்வொண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாத் தளர்த்துங்க. மாட்டும்போது 1ல இருந்து. பழைய பேஸ்ட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலால துடைச்சு, புதுசு ஒரு துளி போதும். பக்கத்துல இருக்கிற மெமரி சிப் மேல சாம்பல் நிறத்துல மெத்துன்னு பேடு இருக்கும். அதைத் தூக்கி எறிஞ்சுட்டு பேஸ்ட் தடவாதீங்க. அங்க இடைவெளி அதிகம், பேஸ்ட் எட்டாது. மெமரி சூடானாலும் இதே மாதிரி கலர் புள்ளிதான் வரும். பேடு கிழிஞ்சிருந்தா அதே தடிமன்ல வாங்கிப் போடணும்.

கை நடுங்குற மாதிரி இருந்தா செய்ய வேண்டாம், எதிர்ல உட்கார்ந்து கடையில செய்யச் சொல்லுங்க.

நகரி மொபைல்ஸ்

சிப்புக்கு ஹாட் ஏர் காட்டினா அஞ்சு நிமிஷத்துல சரியாகும். நாங்க செய்யுறோம். எதுக்கு இவ்வளவு வேலை?

போர்டு வேலை, திருத்தணி

தயவுசெஞ்சு அதை அவங்களுக்குச் சொல்லாதீங்க. சூடு காட்டினா சிப்புக்குள்ள விரிசல் விட்ட இணைப்பு தற்காலிகமா ஒட்டும், சில வாரத்துல திரும்ப விடும். அதுக்குள்ள பக்கத்துல இருக்கிற பாகங்களும் வெந்துடும். சிப் உள்ளுக்குள்ள கெடுறது உண்மையிலேயே நடக்கிற விஷயம்தான். 2008 ஜூலையில என்விடியா நிறுவனமே தன்னோட சில லேப்டாப் சிப்புகளோட பேக்கேஜிங் (சிப்போட உறையும் உள் இணைப்பும்) பழுதுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குறதா அறிவிச்சது. அந்த மாதிரி சிப்புக்குச் சரியான வழி சிப்பையே மாத்துறது. இங்க சிப் கெட்டதுக்கே ஆதாரம் இல்ல. 96 டிகிரியில பிசகுது, ஆறினா ஒழுங்கா ஓடுது. முதல்ல அடைப்பை எடுத்துட்டு அளந்து பார்க்கலாம். சூடு இறங்கின பிறகும் புள்ளி வந்தா அப்ப சிப்பைப் பேசலாம்.

பள்ளிப்பட்டு ஆசிரியர்

திறக்கும் வரை வேலை ஓட வேண்டுமானால்: பவர் ஆப்ஷன்ஸில் புராசசரின் அதிகபட்ச நிலையை 100லிருந்து 99 சதவீதமாக்குங்கள். இன்டெல் சிப்களில் பெரும்பாலும் டர்போ (கூடுதல் வேகம்) நின்று சூடு குறையும். வேகம் சற்றுக் குறைந்தாலும் டிசைன் வரையலாம். மெத்தையிலிருந்து எடுத்துப் பலகையில் வையுங்கள். அடிப்பக்கத் துளைகளை மெத்தை அடைத்துவிடுகிறது.

ஏகாம்பரகுப்பம் தறிவீடு

திருத்தணியில ஒரு கடையில எதிர்ல உட்கார்ந்து செய்யச் சொன்னோம். ஃபேனைக் கழட்டினதும் தகடு வாசல்ல கம்பளித் துண்டு மாதிரி பஞ்சு கெட்டியா நின்னுச்சு. இடுக்கியால முழுசா உரிச்சு எடுத்தார். பேஸ்ட் சுண்ணாம்பாக் காய்ஞ்சிருந்தது. பேடு நல்லா இருந்ததால அப்படியே விட்டார். எல்லாத்துக்கும் 500 ரூபாய் வாங்கினார்.

இப்ப அதே டிசைன், அதே அறை, மத்தியானம். ஜிபியு 75ஐத் தாண்டல. புள்ளி வரவே இல்ல. தம்பி சாயங்காலம் வரைக்கும் வரைஞ்சான். கோடு மட்டும் மூடியைச் சாய்க்கும்போது இன்னும் வருது.

போர்டு வேலை, திருத்தணி

21 டிகிரி இறங்கியிருக்கு. சிப் தப்பிச்சது. ரொம்ப சந்தோஷம்மா.

கேபிளுக்கு, முன்பக்க பெசலை (திரையைச் சுத்தியிருக்கிற சட்டம்) கழட்டி ஹிஞ்ச் பக்கம் பாருங்க. மடிப்புல டேப் உரிஞ்சு கம்பி தெரிஞ்சா மாத்திடுங்க. கேபிள் மேல ஒட்டியிருக்கிற பார்ட் எண்ணை ஃபோட்டோ எடுத்து, சென்னை ரிச்சி தெருவுல கேளுங்க. லேப்டாப் மாடல் பேரை மட்டும் சொல்லிக் கேட்டா தப்பான கேபிள் வரும். ஒரே மாடல்லயே 30 பின், 40 பின்னு ரெண்டும் உண்டு. கிடைக்கிற வரைக்கும் மூடியை ஒரே கோணத்துல விட்டு வைங்க, அடிக்கடி மூடித் திறக்க வேண்டாம்.

தறி வீட்டுல ஃபேன் வாசலை ஆறு மாசத்துக்கு ஒரு தடவை திறந்து பார்க்கணும். மத்தவங்களுக்கு ரெண்டு வருஷம் தாங்குறது உங்களுக்குத் தாங்காது.

பொதட்டூர்பேட்டை நூல் கடை

இதே இழையில கேட்கிறேன், மன்னிக்கணும். எனக்குத் திரையோட வலது பக்கம் ஒரே ஒரு நெட்டுக் கோடு. ஆன் பண்ண நொடியில இருந்தே இருக்கு, கம்பெனி லோகோ வரும்போதும் இருக்கு. மூடியை ஆட்டினாலும் மாறல. டிவியில இல்ல. நானும் ஃபேனைச் சுத்தம் பண்ணட்டுமா?

போர்டு வேலை, திருத்தணி

சுத்தம் பண்ணா மெஷினுக்கு நல்லது, ஆனா அந்தக் கோடு போகாது அண்ணே. விண்டோஸ் வர்றதுக்கு முன்னாடியே இருக்கு, அசையல, டிவியில வரல. அது பேனல்தான். உங்களுது டெல் கம்பெனி லேப்டாப்பா இருந்தா அணைச்சுட்டு, டி விசையை அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே பவர் பட்டனை அமுக்குங்க. திரை வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம்னு ஒவ்வொண்ணாக் காட்டும். அதுலயும் கோடு நின்னா உறுதி. புது பேனல் வாங்கும்போது பழைய பேனலோட முதுகுல இருக்கிற எண்ணைக் கொடுத்து வாங்குங்க.