குழந்தைக்குக் காய்ச்சல், சளி: வீட்டிலேயே பார்ப்பதா, டாக்டரிடம் ஓடுவதா?

வெளிநாடு வந்த முதல் குளிர்காலத்திலேயே பல பெற்றோருக்கு இந்த அனுபவம் வந்துவிடும். குழந்தைக்குக் காய்ச்சல் என்று கிளினிக்குக்குப் போன் செய்தால், "பாராசிட்டமால் கொடுங்கள், நிறைய குடிக்க வையுங்கள், கவனித்துக்கொண்டே இருங்கள்" என்று சொல்லி வைத்துவிடுவார்கள். அன்றைக்கே டாக்டரைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இது அலட்சியமாகத் தோன்றும். ஆனால் சின்னக் குழந்தைகளுக்கு வரும் சளி, காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாட்டிக் அதற்கு வேலை செய்யாது, தானாகவே சரியாகும். டேகேர் போகும் குழந்தைக்கு வருடத்தில் எட்டு முறை சளி பிடிப்பது சாதாரணம். இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும். சரி, கவனிக்கச் சொல்கிறார்களே, எதைக் கவனிப்பது? அந்த அவசரப் போனில் அதை விளக்க யாருக்கும் நேரம் இருப்பதில்லை.

முதலில் வயதைப் பாருங்கள். மூன்று மாதம் முடியாத குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 ஃபாரன்ஹீட், தொட்டுவிட்டால் காத்திருக்கவே கூடாது. குழந்தை சிரித்துக்கொண்டிருந்தாலும், நடுராத்திரி ஆனாலும் அப்போதே காட்ட வேண்டும். ரத்தத்தில் கிருமி பரவியிருந்தாலும் இந்த வயதில் காய்ச்சலைத் தவிர வேறு எதுவும் வெளியே தெரியாமல் இருக்கலாம். மூன்று முதல் ஆறு மாதம் வரை 39 டிகிரி வந்தால் அன்றே டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

ஆறு மாதம் தாண்டிவிட்டால் தெர்மாமீட்டரைவிடக் குழந்தையின் முகம்தான் அதிகம் சொல்லும். 39.5 காய்ச்சலிலும் பொம்மையைத் தேடுகிற குழந்தையைவிட, 38லேயே துவண்டு கிடக்கிற குழந்தையைப் பற்றித்தான் நான் கவலைப்படுவேன். மருந்து கொடுத்துக் காய்ச்சல் கொஞ்சம் இறங்கிய நேரத்தில் பாருங்கள்: கூப்பிட்டால் திரும்புகிறதா, கண்ணைப் பார்க்கிறதா, கொஞ்சமாவது குடிக்கிறதா? அப்போதும் எழுப்பக் கஷ்டமாக இருந்தால், அல்லது தூக்கினாலும் சமாதானமாகாமல் வீறிட்டு அழுதால், உடனே கொண்டுபோங்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது என்பதை மட்டும் வைத்துப் பயமில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஐந்து நாள் ஆகியும் காய்ச்சல் விடவில்லை என்றால், குழந்தை நன்றாக இருப்பதுபோல் தெரிந்தாலும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும்.

எல்லாவற்றையும்விட மூச்சைக் கவனிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். நம்மில் பலர் இருமல் சத்தத்தைக் கேட்டுத்தான் பயப்படுகிறோம். சட்டையைக் கழற்றிவிட்டு, நல்ல வெளிச்சத்தில், அழாமல் இருக்கும்போது நெஞ்சைப் பாருங்கள். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புக்குக் கீழேயோ இடையிலேயோ தோல் உள்ளே இழுக்கிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, மூச்சை விடும்போது முனகல் வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் எமர்ஜென்சிதான். பிறகு கடிகாரத்தை வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயது வரை 50, ஐந்து வயது வரை 40. இந்த எண்ணிக்கையைத் தொட்டாலே வேக மூச்சு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. முடிந்தால் போனில் வீடியோ எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் குழந்தை தூங்கிவிட்டாலும் டாக்டர் அதைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

உதடு நீலமாகிறதா, உடம்பு வெளுக்கிறதா என்று போனில் கேட்பார்கள். நம் குழந்தைகளின் நிறத்தில் அது தோலில் எளிதாகத் தெரியாது. நாக்கு, ஈறு, கீழ் இமையின் உட்பக்கம், உள்ளங்கை, உள்ளங்கால் ஆகிய இடங்களில் பாருங்கள். சிவப்பு, ஊதாப் புள்ளிகளை அங்கேயும் தேட வேண்டும். கண்ணாடி டம்ளரை வைத்து அழுத்தியும் புள்ளி மறையவில்லை என்றால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

வாந்தி, பேதியில் டயப்பரை எண்ணுங்கள். வழக்கத்தில் பாதிகூட நனையவில்லை, அழுதால் கண்ணீர் இல்லை, உச்சிக்குழி உள்ளே இறங்கியிருக்கிறது என்றால் தாமதிக்க வேண்டாம். பச்சை நிற வாந்தியோ மலத்தில் ரத்தமோ வந்தால் அப்போதே கிளம்புங்கள். முதல் தடவை வலிப்பு வந்தாலும் ஆம்புலன்ஸ்தான். வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வைத்து நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள்.

மருந்து விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. பெட்டியில் கொண்டுவந்த பாராசிட்டமால் சிரப்பும் இங்கே கடையில் வாங்குவதும் ஒரே வீரியம் இல்லை. இந்தியாவில் 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள பாட்டில் உண்டு. பிரிட்டனில் கைக்குழந்தை சிரப்பில் 120, அமெரிக்காவில் 160. இங்கே சொல்லும் அதே அளவை அந்த இந்திய பாட்டிலிலிருந்து ஊற்றினால் மருந்து ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டு மடங்கு வரை ஆகிவிடும். லேபிளைப் படித்து, குழந்தையின் எடையைச் சொல்லி, ஃபார்மசியில் கேட்டுக் கொடுங்கள். சின்னம்மை என்றால் இபுப்ரோஃபென் வேண்டாம், ஆஸ்பிரின் எந்தக் குழந்தைக்கும் டாக்டர் சொல்லாமல் கூடாது, ஒரு வயதுக்குள் இருமலுக்குத் தேன் தொட்டு வைக்கவும் கூடாது.

போன் செய்யும்போது "காய்ச்சல் அதிகம்" என்று மட்டும் சொன்னால் அவர்களால் எதையும் தீர்மானிக்க முடியாது. வயது, எடை, எத்தனை டிகிரி, எங்கே வைத்துப் பார்த்தீர்கள், எப்போது தொடங்கியது, கடைசி மருந்து எத்தனை மணிக்கு, கடைசியாக எப்போது சிறுநீர் போனது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பேசுங்கள். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள், கூச்சப்பட வேண்டாம். எந்த அறிகுறியும் பிடிபடாவிட்டாலும் "என் குழந்தை எப்போதும்போல் இல்லை" என்று அழுத்திச் சொல்லுங்கள். பெற்ற மனதுக்குத் தெரிவதை நல்ல டாக்டர்கள் ஒரு அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறார்கள். சொல்லி அனுப்பிய பிறகு நிலைமை மோசமானால் மறுபடி கூப்பிடத் தயங்காதீர்கள்.

பிரிட்டனில் 111, கனடாவின் பெரும்பாலான மாகாணங்களில் 811, ஆஸ்திரேலியாவில் 1800 022 222 என்று ராத்திரியிலும் ஆலோசனை தரும் எண்கள் உண்டு. உங்கள் நாட்டு எண்ணையும், குழந்தைகளை இரவில் பார்க்கும் பக்கத்து ஆஸ்பத்திரி எது என்பதையும் இன்றைக்கே விசாரித்து, இரண்டு பேர் போனிலும் சேமித்து வையுங்கள்.