மேஜிஸ்க் மாட்யூல் மேனேஜருக்கு மாற்று உண்டா?

கேள்வி:
நண்பர்களே, மேஜிஸ்க் என்ற கருவியால் ரூட் செய்த (சிஸ்டத்தின் முழு உரிமையையும் எடுத்துக்கொண்ட) போனில் மாட்யூல்களை, அதாவது சிஸ்டத்தில் மாற்றம் செய்யும் சிறு துணைத் தொகுப்புகளைத் தேடவும் அப்டேட் செய்யவும் தனியாக ஒரு மேனேஜர் ஆப் வைத்திருக்கிறேன். கொஞ்ச காலமாக அதற்குப் புதுப் பதிப்பே வரவில்லை, பட்டியல் திறக்கவே நேரமாகிறது, திறந்தாலும் பாதி மாட்யூல்கள் எப்போதோ கைவிடப்பட்டவை. முன்பு மேஜிஸ்க் ஆப்பிலேயே இந்தப் பட்டியல் இருந்தது, 2022-இல் வந்த 24ஆம் பதிப்பில் எடுத்துவிட்டார்கள். இந்த மேனேஜரும் போய்விட்டால் நான் போட்டிருக்கும் ஏழு மாட்யூல்கள் என்ன ஆகும்?

பதில் 1:
ஒன்றும் ஆகாது. மாட்யூல்கள் அந்த ஆப்புக்குள் இல்லை, டேட்டா பகுதியில் ஏடிபி ஃபோல்டரில் இருக்கின்றன, பூட் ஆகும்போது அவற்றை ஏற்றுவது மேஜிஸ்க்தான். மேனேஜரைத் தாராளமாக நீக்கலாம். அதே மாதிரி வேண்டுமென்றால் எம்எம்ஆர்எல் என்ற மேனேஜர் ஆப்பைப் பாருங்கள், நாளைக்கே மேஜிஸ்க்கை விட்டு கெர்னல்எஸ்யூ, ஏபாட்ச் என்று வேறு ரூட் கருவிக்கு மாறினாலும் அது வேலை செய்யும்.

பதில் 2:
எனக்கென்னவோ இன்னொரு மேனேஜரே தேவையில்லை என்றுதான் படுகிறது. பட்டியலை எடுத்த அதே 24ஆம் பதிப்பில்தான் அப்டேட்ஜேசன் வசதியும் வந்தது. மாட்யூலின் ப்ராப் ஃபைலில் (அதன் விவரங்கள் இருக்கும் ஃபைல்) அப்டேட்ஜேசன் என்ற அந்த ஒரு வரி இருந்தால், புதுப் பதிப்பு வந்ததும் மேஜிஸ்க் ஆப்பே அப்டேட் பட்டனைக் காட்டும். உங்கள் ஏழு மாட்யூல்களின் ப்ராப் ஃபைலையும் திறந்து பாருங்கள். அந்த வரி இல்லாதவற்றுக்கு மட்டும் மாட்யூலை எழுதியவரின் கிட்ஹப் பக்கத்தை அவ்வப்போது எட்டிப் பார்த்தால் போதும்.

பதில் 3:
மேலே சொன்னது சரி, ஆனால் எந்த வழியில் போனாலும் மாட்யூலின் ஜிப் ஃபைலை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும், ஏனென்றால் உள்ளே இருக்கும் ஸ்கிரிப்ட் ரூட் உரிமையோடு ஓடுகிறது, நினைத்தால் எதையும் அழிக்கலாம். யாரோ மறுபடி ஏற்றி வைத்த ஜிப்பைப் போட்டு ஒருமுறை பூட்லூப்பில் (போன் முழுதாகத் திறக்காமல் திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆவது) மாட்டி ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தேன். அப்புறம்தான் தெரிந்தது, ஆண்ட்ராய்டின் சேஃப் மோடில் ஒருமுறை பூட் செய்தாலே மேஜிஸ்க் எல்லா மாட்யூல்களையும் முடக்கிவிடும், அடுத்து சாதாரணமாக பூட் செய்து ஒவ்வொன்றாக இயக்கிப் பார்க்கலாம். உங்கள் போனில் சேஃப் மோடுக்கு எந்த பட்டன் என்று இப்போதே தெரிந்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. பார்த்துவிட்டேன், ஐந்தில் அந்த வரி இருக்கிறது. மீதி இரண்டில் ஒன்று இப்போது எனக்குத் தேவையே இல்லை, நீக்கிவிட்டேன். மேனேஜரையும்தான்.