மெக்சிகன் கார்ன் பீன்ஸ் சூப்: உங்கள் வீட்டில் எப்படி வந்தது?

கானாடுகாத்தான் மருமகள்

தீபாவளிக்கு வந்த என் கொழுந்தனார் மகன் டெக்சாஸில் படிக்கிறான். அங்கே கூடப் படிக்கும் மெக்சிகோப் பையன் வீட்டில் குடித்த சூப் வேண்டும் என்றான். செய்முறை இங்கே எல்லோருக்கும் தெரிந்ததுதான். வெங்காயம் பூண்டு வதக்கி, சீரகப்பொடி போட்டு, ஸ்வீட் கார்னில் பாதியை அரைத்து விட்டு, மீதியை முழுதாகப் போட்டு, வேகவைத்த ராஜ்மா, பால், இறக்கும்போது ஃப்ரெஷ் கிரீம், எலுமிச்சை, மல்லித்தழை. நிறமும் பதமும் நன்றாகவே வந்தன. பையன் மறுபடி கேட்டு வாங்கிக் குடித்தான்.

நான் எழுத வந்தது அதற்கு இல்லை. வளவில் உட்கார்ந்திருந்த அப்பத்தாவுக்கும் ஒரு கிண்ணம் கொடுத்தேன். முதல் வாயை விழுங்காமல் கொஞ்ச நேரம் கண்ணை மூடி வைத்திருந்தார். பிறகு சொன்னார்: "நல்லாத்தான் இருக்கு ஆத்தா. மேல இனிப்பு நிக்கிது, அப்புறம் புளிப்பு வருது. அடியில ஒண்ணையும் காணோமே?"

கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுத்தான் கொடுத்தார். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. மண்டி வைத்தால் அரிசி கழுநீர் அடியில் நின்று புளியையும் காரத்தையும் தாங்கும். தண்ணிக்குழம்பு எவ்வளவு நீர்க்க இருந்தாலும் வதக்கின சின்ன வெங்காயம் தாங்கும். இந்தச் சூப்பில் அந்த இடத்தில் என்ன இருக்க வேண்டும்? வைத்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பள்ளத்தூர் ஆச்சி

கட்டை! முத்து உதிர்த்த கட்டையை என்ன செய்தீர்கள் தங்கச்சி?

எங்கள் வீட்டில் கூடமாட உதவுகிற பெண் அதை அள்ளி மாட்டுக்குப் போடக் கொல்லைக்குக் கொண்டுபோய்விட்டாள். நான் பின்னாலேயே ஓடிப்போய் வாங்கி வந்தேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை, இந்த ஆச்சிக்கு என்ன ஆயிற்று என்பது போலப் பார்த்தாள். கட்டைகளை இரண்டாக ஒடித்து, தண்ணீரில் போட்டு, ஒரு வெங்காயமும் நாலு மிளகும் சேர்த்து அரை மணி நேரம் சிறு தீயில் வைத்தேன். மூடியைத் திறந்ததும் அவளே அடுப்பு பக்கம் வந்து நின்றுகொண்டு, "என்ன ஆச்சி, சோளக் காட்டுக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு" என்றாள். அந்த வாசனை முத்தில் இல்லை. கத்தியின் முதுகால் கட்டையை வழித்தால் பால் போல ஒன்று வரும், அதையும் விடாதீர்கள். சூப்பைக் குழைவாக்குவது அதுதான். அப்புறம் கிரீம் பாதி போதும்.

உரித்த முத்தைப் பாக்கெட்டில் வாங்குகிறவர்களுக்கு இதில் எதுவும் கிடைக்காது. சந்தையில் தோகையோடு வாங்குங்கள், வாங்கிய அன்றே வையுங்கள். பறித்த பிறகு நாள் ஆக ஆகச் சோளத்தின் சர்க்கரை குறைந்துகொண்டே போகும்.

தேவகோட்டை ரஸ்தா

முதல் பதிவில் ராஜ்மா என்று படித்ததும் இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. சிங்கப்பூரில் எங்கள் உறவுக்காரர் வீட்டில் இதே சூப்பை, மெதுவாக வேகும் மின்சாரப் பானையில் காலையிலேயே போட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். மாலையில் எல்லோருமாகக் குடித்தோம். பயறு கொஞ்சம் நறுக்கென்று இருந்தது, அதுவும் ருசிதான் என்று பேசிக்கொண்டோம். இரண்டு மணி நேரத்தில் ஒருவர் பின் ஒருவராக வாந்தி. குளியலறைக் கதவுக்கு வெளியே ஒரு சின்னப் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது இன்னும் கண்ணில் இருக்கிறது.

எல்லோரும் தெரிந்துகொள்ளுங்கள். சிவப்பு ராஜ்மாவில் லெக்டின் வகையைச் சேர்ந்த ஒரு நச்சு இருக்கிறது. வேகாத ராஜ்மா நாலைந்தே ஆளைப் படுக்க வைத்துவிடும். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைக்க வேண்டும், இரவு முழுதும் ஊறினால் இன்னும் நல்லது. ஊறின தண்ணீரைக் கீழே கொட்டிவிட வேண்டும். புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதித்தே வேக வேண்டும், வெறும் சூடு போதாது. அரைகுறையாக 80 டிகிரி அளவிலேயே வைத்திருந்தால் அந்த நச்சு வேகாத ராஜ்மாவில் இருப்பதைவிடக் கூடிவிடும். மெதுவாக வேகும் பானை செய்தது அதைத்தான். நம் வீட்டு குக்கர் இந்த வேலைக்கு உத்தமம். நசுக்கினால் விரலில் வெண்ணெயாய்ப் போக வேண்டும், நடுவில் மாவு தட்டுப்பட்டால் மறுபடி வையுங்கள். தக்காளியோ எலுமிச்சையோ பயறு வெந்த பிறகுதான், முதலிலேயே புளிப்பு சேர்த்தால் தோல் இறுகிவிடும். டப்பாவில் வரும் ராஜ்மா ஏற்கெனவே வெந்தது, அதற்கு இந்தக் கவலை இல்லை.

அப்பத்தா கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் இதைப் படித்துவிட்டு வையுங்கள்.

காரைக்குடி விடுதிச் சமையல்

நான் பழைய வீட்டை விடுதியாக மாற்றின ஒரு இடத்தில் சமைக்கிறேன். மெக்சிகோவிலிருந்து ஒரு தம்பதி வந்து தங்கினார்கள். அந்த அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, காரம் வேண்டாம், சோளத்தில் சூப் கிடைக்குமா என்று கேட்டு அனுப்பினார்கள். வைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவரே அடுப்படிக்கு வந்துவிட்டார்.

குறை ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியில் கண்ணாடி ஜாடியில் இருந்த முண்டு மிளகாயைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். ஒன்றை எடுத்துக் காதோரம் வைத்து ஆட்டினார். உள்ளே விதை கிலுகிலுத்தது. சிரித்துக்கொண்டே கணவரைக் கூப்பிட்டு அவர் காதிலும் வைத்தார். அவர்கள் ஊரிலும் இதே போல உருண்டையாக, ஆட்டினால் சத்தம் வருகிற மிளகாய் ஒன்று உண்டாம், கஸ்கபெல் என்று பெயராம். பிறகு என்னிடம் சைகையில் கேட்டு, தோசைக்கல்லில் நாலு மிளகாயை அழுத்தி வாட்டினார். கருகவிடவில்லை, வாசம் வந்ததும் எடுத்துவிட்டார். விதையை உதறி, வெந்நீரில் ஊறவைத்து, வெங்காயம் பூண்டோடு விழுதாக அரைத்து, எண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கினார். அதன்மேல்தான் சோளமும் பயறும் விழுந்தன. பால் கடைசி.

மிளகாய் அத்தனை போட்டும் சூப்பில் காரம் தெரியவில்லை. சுட்ட மணமும் லேசான கசப்பும் அடியில் நின்றன. கானாடுகாத்தான் அக்கா, உங்கள் அப்பத்தா தேடியது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் வீட்டில் பொப்லானோ என்ற பெரிய பச்சை மிளகாயைத் தீயில் சுட்டுத் தோல் உரித்தும் போடுவார்களாம். நமக்கு அது கிடைக்காது, குடைமிளகாயும் பஜ்ஜி மிளகாயும் சேர்த்துச் சுட்டுக்கொள்ளலாம். ராமநாதபுரம் முண்டுக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெள்ளைக்காரச் சூப்புக்கு வெளியூர் மிளகாய்த் தூளைத் தேடுகிறவர்கள் பக்கத்து ஜில்லாவைப் பார்க்க வேண்டும்.

புதுவயல் வீடு

அண்ணன் சொன்னதில் ஒன்றை ஒத்துக்கொள்ள மாட்டேன். இது வெள்ளைக்காரச் சூப்பு இல்லை. சோளம், பீன்ஸ், மிளகாய், தக்காளி நாலும் மெக்சிகோவும் அதைச் சுற்றின நிலங்களும் உலகத்துக்குக் கொடுத்தவை. மிளகாயைப் போர்த்துக்கீசியர் கொண்டுவரும்வரை நம் ஊரில் உறைப்பு என்றால் மிளகுதான். பாலும் சீரகமும் மல்லித்தழையும் எலுமிச்சையும்தான் ஸ்பானியர் கப்பலில் அங்கே போய்ச் சேர்ந்தவை. அந்த அம்மா நம் ஜாடியைப் பார்த்து நின்றதில் ஆச்சரியமே இல்லை.

இன்னொன்று, மிளகாய் விழுது போட்டால் சூப் செங்கல் நிறமாகிவிடாதா? அரைத்த சோளத்தின் அந்த இளமஞ்சள்தானே இதன் அழகு?

என் கதை சின்னது. மாமியாருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. ஆகவே தேங்காய்ப்பாலில் வைத்தேன். இரண்டாம் பாலில் சோளமும் பயறும் கொதித்தன, அடுப்பை அணைத்துவிட்டுத் தலைப்பால். மாமியார் ரசம் மாதிரி உள்ளங்கையில் ஊற்றச் சொல்லி வாங்கி உறிஞ்சினார். கிண்ணம் நீட்டினேன், வேண்டாம் என்று மறுபடி கையையே நீட்டினார். கையில் வாங்கிக் குடித்தால் சரியாக இருக்கிறது என்று அர்த்தம், இருபது வருடமாக அந்த வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியும். அடி என்பது தேங்காய்தான். கிரீம் மேலே மிதக்கும், தேங்காய் உள்ளே இறங்கும்.

எலுமிச்சையைச் சூப் கொதிக்கும்போது பிழியாதீர்கள், பசும்பாலானாலும் தேங்காய்ப்பாலானாலும் திரிந்துவிடும். கிண்ணத்தில் ஊற்றிய பிறகு அவரவர் பிழிந்துகொள்வதுதான் நல்லது.

பள்ளத்தூர் ஆச்சி

தேங்காய்ப்பால் விட்டால் அது சொதி. நல்ல சொதிதான், நானும் குடிப்பேன், ஆனால் சோளத்தின் வாசனை அதற்குள் போய் ஒளிந்துகொள்ளும். தங்கச்சி கேட்டது மெக்சிகன் சூப்.

நிறத்தைப் பற்றிப் புதுவயல் சொன்னது சரி. விழுதைச் சூப்பில் கலக்காமல் எண்ணெயில் வதக்கித் தனியே வைத்து, கிண்ணத்தில் ஊற்றிய பிறகு ஒரு கரண்டி மேலே விடுங்கள். மஞ்சளும் இருக்கும், மிளகாயும் இருக்கும்.

மானகிரிப் பையன்

ஐயா வீட்டுத் தோட்டத்தில் நாட்டு மக்காச்சோளம் போட்டிருந்தோம், ஸ்வீட் கார்ன் இல்லை. முத்திக் காய்ந்ததை உதிர்த்து இந்தச் சூப் வைத்தேன். எத்தனை விசில் விட்டாலும் தோல் மட்டும் பல்லில் ஒட்டிக்கொண்டே இருந்தது. ஒரு வீடியோவில் மெக்சிகோப் பாட்டி ஒருவர் சோளம் வேகும் பானையில் வெள்ளையாக ஏதோ கரைத்து ஊற்றினார். திண்ணையில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஐயாவிடம் போனைக் காட்டினேன். போனைப் பார்த்தார், கையில் இருந்த சுண்ணாம்பு டப்பியைப் பார்த்தார், "இதுதாண்டா அது" என்று என் முன்னால் நீட்டினார். அவர் சொன்னது சரியா? சூப்புக்கும் அதைப் போட வேண்டுமா?

காரைக்குடி விடுதிச் சமையல்

ஐயா சொன்னது மிகச் சரி தம்பி. நீற்றின சுண்ணாம்புதான். காய்ந்த மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, அப்படியே ராத்திரி முழுதும் விட்டு, காலையில் கழுவிக் கசக்கினால் தோல் வழுக்கிக்கொண்டு போய்விடும். நிக்ஸ்டமல் என்பார்கள். டார்ட்டியா மாவு அதிலிருந்துதான். அந்த முழுச் சோளத்தைக் கறியோடு போட்டு வைக்கிற சூப் பொசோலே, அது வேறு சாப்பாடு.

தோல் போவதற்காக மட்டும் இதைச் செய்யவில்லை. சோளத்தில் இருக்கிற நியாசின் சத்து சுண்ணாம்பில் வெந்தால்தான் உடம்பில் சேரும். ஐரோப்பாக்காரர்கள் சோளத்தை எடுத்துக்கொண்டு போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். சோளத்தையே நம்பி வாழ்ந்த ஏழைகளுக்குப் பெலாக்ரா நோய் வந்து தோல் வெடித்தது. ஸ்வீட் கார்னுக்கு இது எதுவும் வேண்டாம், இளம் முத்து, தோல் மெல்லிசு. உங்கள் நாட்டுச் சோளத்தைச் சுண்ணாம்பில் வேகவைத்து நாலைந்து தண்ணீரில் கழுவிவிட்டுச் சூப்பில் போட்டுப் பாருங்கள். மண்வாசம் போல ஒரு மணம் வரும். ருசிக்கு அது ஸ்வீட் கார்னைவிட மேல் என்பேன்.

குன்றக்குடி அடுப்படி

எல்லோரும் சோளத்தையும் மிளகாயையும் தேங்காயையும் பேசுகிறீர்கள். பெயரிலேயே பயறு இருக்கிறது, அதைப் பேச ஆளில்லை. தேவகோட்டை ஐயா பேசினார், ஆனால் பயமுறுத்தினார். அவர் கொட்டச் சொன்னது ஊறின தண்ணீரை. வெந்த தண்ணீரையும் சேர்த்து எத்தனை பேர் கொட்டுகிறீர்கள்?

என் அண்ணன் மகள் அதைச் செய்யப் போனாள். வடிதட்டைச் சிங்க்கின் மேல் பிடித்துவிட்டாள். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். கீழே பாத்திரம் வைத்து வடித்தால், கருஞ்சிவப்பாக, ஆறினால் லேசாகக் கெட்டிப்படுகிற ஒரு சாறு. பயறு மசியலில் உப்புப் போட்டுக் குடிக்கிற அந்தச் சாறுதான். அவளை ஒரு வாய் குடித்துப் பார்க்கச் சொன்னேன். குடித்துவிட்டு வடிதட்டைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தாள். மெக்சிகோவில் கறுப்பு பீன்ஸை வெந்த சாற்றோடு சூப்பாகவே குடிக்கிற வழக்கம் உண்டு, சாற்றைக் கொட்டினால் அங்கே திட்டு விழும்.

அதனால் கானாடுகாத்தான் தங்கச்சி, அடுத்த முறை பாலில் பாதியைக் குறைத்து அந்த இடத்தில் பயறுச் சாறு விடுங்கள். 1 கப் ராஜ்மாவுக்கு 4 கப் தண்ணீர், ஒரு முழுப் பூண்டு உரிக்காமல், சாறு 2 கப்பாவது மிஞ்சும். கூடவே பள்ளத்தூர் ஆச்சியின் கட்டைத் தண்ணீர். நிறம் கொஞ்சம் மங்கும், மங்கட்டும். ராஜ்மா இல்லாவிட்டால் தட்டைப்பயறு போடலாம், சாறு இன்னும் இலேசாக இருக்கும். மொச்சை வேண்டாம், அதன் வாசனை சோளத்தை அமுக்கிவிடும்.

தண்ணீரையும் கவனியுங்கள். காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீர் கிடைக்கிறவர்களுக்குப் பயறு பூவாய் வேகும். எங்கள் போர் தண்ணீரில் இரண்டு விசில் கூட விட்டாலும் தோல் முரண்டு பிடிக்கிறது. குடிக்க வாங்குகிற தண்ணீரிலேயே ஊறவையுங்கள், அதிலேயே வேகவையுங்கள். மிஞ்சின சூப் மறுநாள் இறுகிப் போயிருக்கும், அதை இளக்க வெந்நீர் விடாமல் ஒரு கரண்டி பயறுச் சாறு எடுத்து வைத்திருந்து விடுங்கள். சுடவைக்கும்போது கொதிக்க விடக்கூடாது, ஓரத்தில் நுரை கூடியதும் இறக்கிவிடுங்கள்.