ஃபோகஸ்: குவியமா, ஊற்றா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மூளையில் வலிப்பு புறப்படும் இடத்தை மருத்துவர்கள் ‘ஃபோகஸ்’ என்கிறார்கள். தமிழில் அதற்குக் ‘குவியம்’ என்ற சொல்லே போதும் என்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். இராமநாதபுரத்தில் நாள்தோறும் மூளை மின்னலைகளைப் பதிவுசெய்யும் எனக்கு அது பொருந்துவதாகத் தோன்றவில்லை.

குவியம் என்பது கதிர்கள் வந்து கூடும் புள்ளி. இங்கே நடப்பதோ நேர்மாறு. தங்கச்சிமடத்து மீனவர் ஒருவர் தம் மகனை அழைத்து வந்திருந்தார். பசை தடவி மின்முனைகளை ஒட்டி முடித்துச் சற்று நேரத்தில், பையனின் வலக் கட்டைவிரல் துடிக்கத் தொடங்கியது. மூளையின் இடப்பக்கத்தைக் காட்டும் பதிவுக் கோடுகளில் கூர்முனைகள் எழுந்தன. துடிப்பு மணிக்கட்டுக்கு ஏறி, வாயோரத்துக்கும் தாவியது. மூளையின் வெளியடுக்கான புறணியில் கைக்கும் முகத்துக்கும் உரிய பகுதிகள் அடுத்தடுத்து இருப்பதே அதற்குக் காரணம். இவ்வாறு படரும் வலிப்புக்கு, அதை 19ஆம் நூற்றாண்டில் விவரித்த ஆங்கிலேய மருத்துவர் ஹியூலிங்ஸ் ஜாக்சனின் பெயரே இன்றும் வழங்குகிறது.

இலத்தீனில் ஃபோகஸ் என்றால் அடுப்பு, தீ கிளம்பும் இடம். 1604இல் வானியலாளர் கெப்ளர்தான் அதை ஒளியியலுக்குக் கொண்டுபோனார். ஆகவே குவியம் கெப்ளரின் சொல்லுக்கு ஈடு, மருத்துவரின் சொல்லுக்கு அன்று.

ஃபோகஸைக் ‘கிளர்ச்சி மையம்’ என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. கிளர்ச்சி என்றதும் நாளிதழ்த் தலைப்புதான் நினைவுக்கு வருகிறது. மையம் என்பதோ முகுளத்திலுள்ள சுவாச மையம் போல இயல்பான பணியிடத்தைக் குறித்துப் பழகிவிட்டது. கிளர்ச்சிக்குப் பதில் ‘தூண்டல்’ எனலாமென்றால், அது இயற்பியலில் வேறு பொருளில் நிலைத்துவிட்டது. எனவே நரம்பணுவின் உட்புற மின்னழுத்தம், சோடியம் அயனிகள் நுழைவதால், ஏறத்தாழ −70 மில்லிவோல்ட்டிலிருந்து −55ஐ நோக்கி உயர்வதைக் ‘கிளர்வு’ என்போம். கிளர்வு நோயன்று, அதை அடக்கும் காபா போன்ற வேதிப்பொருள்களின் பிடி தளர்ந்து, பல்லாயிரம் நரம்பணுக்கள் ஒரே நேரத்தில் கிளர்வதே நோய்.

அந்த இடத்துக்குக் ‘கிளர்வூற்று’ என்று முன்மொழிகிறேன். தனுஷ்கோடி மணலில் பெண்கள் கையால் தோண்டும் ஊற்றைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவைப்படாது: ஓரிடத்தில் கசிந்து, நிறைந்து, விளிம்பைத் தாண்டுகிறது. ஊற்று ஓயாமல் சுரக்குமே, வலிப்பு எப்போதோ வருவதல்லவா என்று கேட்கலாம். வலிப்பில்லாத நேரத்திலும் பலருடைய பதிவில் தனிக் கூர்முனைகள் தென்படுவதுண்டு. கசிவு அது, வலிப்பு பெருக்கு.

“உள்ள கரண்டு லீக் ஆகுதா தம்பி?” என்று அந்தத் தந்தை கேட்டார். “இல்லண்ணே, ஊத்து மாதிரி ஒரு எடத்துல கெளம்பிப் பரவுது” என்றேன். “அப்ப அதத் தூத்துட முடியாதா?” என்றார். மருந்துக்குக் கட்டுப்படாதபோது அறுவை மருத்துவர்கள் அந்த இடத்தைத் தேடுவது அதற்குத்தான். குவியம் என்று சொல்லியிருந்தால் அவர் அப்படிக் கேட்டிருக்க மாட்டார்.

பல இடங்களிலிருந்து புறப்படுவதைப் ‘பல்லூற்று வலிப்பு’ எனலாம். தொடக்கத்திலேயே இருபுற மூளையையும் பற்றும் வலிப்புக்கு மட்டும் ஊற்று பொருந்தாது. அதற்கு வேறு சொல் வேண்டும்.