அவசரம்: ஜப்பானிய டிக்‌ஷனரியில் அர்த்தம் தப்பாக வருகிறது, வேறு எது வாங்கலாம்?

மின்மினி_தருமபுரி:
வணக்கம். 'கித்தே' என்று தேடினால் தபால்தலை என்று போட்டிருக்கிறது. பாடத்தில் வருவதோ நகத்தைப் பற்றி. 'நோந்தே' என்ற வார்த்தை இல்லவே இல்லை. நல்ல டிக்‌ஷனரி ஒன்று சொல்லுங்கள். திங்கட்கிழமை டெஸ்ட்.

மாங்கொட்டை:
புத்தகமா, போனில் ஆப்பா? தமிழ் அர்த்தமா, இங்கிலீஷ் அர்த்தமா? எந்த லெவல்?

ஓசூர்_லேத்து:
முழு வாக்கியத்தையும் போடுங்கள். ஒரு 'த்' கூடியிருக்கும் என்று நினைக்கிறேன். 'கிதே' என்றால் 'வந்து'. எங்கள் கம்பெனிக்கு வந்த ஜப்பான்காரர் தினமும் பத்து தடவை சொல்வார். அடுத்த எழுத்தை இரட்டிக்க வைக்கிற இந்தக் குட்டி 'த்சு' எழுத்தில்தான் எல்லாரும் சறுக்குவது.

கான்ஜி_வாத்தியார்:
இதே கேள்வி மாதம் ஒருமுறை வருகிறது, பழைய இழைகளைப் படிக்க யாருக்கும் பொறுமை இல்லை. ஆங்கில எழுத்தில் அச்சடித்த டிக்‌ஷனரியைத் தூக்கிப் போடுங்கள். கான்ஜி என்கிற சீன வழி எழுத்துகளின் 214 வேர்க்குறிகளை மனப்பாடம் செய்துவிட்டு நெல்சன் கான்ஜி அகராதி வாங்குங்கள், 1962 முதல் இருக்கிறது. உண்மையிலேயே படிக்க நினைப்பவர்கள் கோஜியென் பக்கம் போவார்கள்.

பழையபேப்பர்:
வாத்தியாரே, கோஜியென் ஜப்பானியருக்காக ஜப்பானியத்திலேயே எழுதிய அகராதி. 7ஆம் பதிப்பில் சுமார் 2,50,000 சொற்கள். அ, ஆ படிக்கிற பிள்ளைக்குச் சென்னைப் பல்கலைக்கழக லெக்சிகனை வாங்கிக் கொடுப்பீர்களா?

மின்மினி_தருமபுரி:
புத்தகம்தான். பெங்களூர் அவென்யூ ரோட்டில் 60 ரூபாய்க்கு வாங்கியது, ஆங்கில எழுத்தில். நர்சிங் முடித்துவிட்டு முதியோர் பராமரிப்பு வேலைக்காகப் படிக்கிறேன், ஜப்பானிய மொழித் தேர்வில் என்4 நிலை. வாக்கியம்: த்சுமே ஓ கித்தே குதசாய். வகுப்பு ஓசூரில். பாலக்கோடு வழி பஸ்ஸில்தான் படிப்பு, சிக்னல் விட்டு விட்டு வரும்.

பழையபேப்பர்:
அப்படிச் சொல்லுங்கள். புத்தகத்தின் மேல் தப்பில்லை தங்கச்சி. 'கித்தே' என்று ஒரு பெயர்ச்சொல்லும் இருக்கிறது, அது தபால்தலைதான். உங்கள் வாக்கியத்தில் வருவது வினை. க்ரியா அகராதியில் 'வெட்டி' என்றா தேடுவோம்? 'வெட்டு' என்றுதானே. இங்கேயும் அதே கதை. த்சுமே என்றால் நகம், ஓ என்பது நம் 'ஐ', கித்தே என்பது 'வெட்டி', குதசாய் என்பது 'தாருங்கள்'. நகத்தை வெட்டித் தாருங்கள். அப்படியே தமிழ்.

'த்தே' என்று முடிந்தால் மூலச்சொல் பெரும்பாலும் உ, த்சு, ரு மூன்றில் ஒன்றில் முடியும். 'மத்தே' என்றால் மத்சு, காத்திரு. 'கத்தே'தான் தொல்லை: கவு வாங்கு, கத்சு ஜெயி, கரு அறு, மூன்றுக்கும் அதுவே. 'ந்தே' வந்தால் நு, பு, மு. உங்கள் 'நோந்தே' நோமு, குடி. மருந்து சாப்பிடவும் அதே வினைதான். உங்கள் 'கித்தே' இதில் ரு வகை, அதனால் 'கிரு' என்று தேடிப் பாருங்கள்.

போனில் என்றால் ஆண்ட்ராய்டுக்கு தகோபோதோ. இலவசம், நெட் இல்லாமலும் ஓடும். 'கித்தே' என்றே அடித்தாலும் மூலச்சொல்லைக் காட்டும். ஹிரகானாவில், அதாவது ஜப்பானிய ஒலியெழுத்தில் அடியுங்கள். அர்த்தம் இங்கிலீஷில்தான் வரும். நெட் இருக்கிற இடத்தில் ஜிஷோ தளம்.

தகடூர்_தமிழன்:
பார்த்தீர்களா, 'அப்படியே தமிழ்'! ஜப்பானியம் தமிழிலிருந்து வந்தது என்று சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியரே சொல்லியிருக்கிறார்.

ஓசூர்_லேத்து:
வினை கடைசியில் வருவதை வைத்தா? எங்கள் தெருவில் கன்னடம், தெலுங்கு எல்லாவற்றிலும் கடைசியில்தான் வருகிறது. கொரியனிலும் துருக்கியிலும்கூட.

தகடூர்_தமிழன்:
வினை மட்டுமா? சொல் பட்டியலே போட்டிருக்கிறார். நம்மவர்களுக்கே நம்பிக்கை இல்லையென்றால் என்ன செய்வது.

கான்ஜி_வாத்தியார்:
ஓனோவின் அந்தக் கொள்கையைப் பெரும்பாலான மொழியியலாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் அவர் சேர்ந்து தொகுத்த இவானாமி பழஞ்சொல் அகராதி, 1974, அருமையானது. அதை வாங்கலாம்.

மாங்கொட்டை:
அந்தப் பெண்ணுக்குத் திங்கட்கிழமை டெஸ்ட், நீங்கள் பழஞ்சொல் அகராதி விற்கிறீர்கள். ஓனோவுக்குத் தனி இழை திறங்கள் அண்ணா.

மின்மினி_தருமபுரி:
கிரு இருந்தது!! ஆனால் முதலில் 'உடுத்து' என்று இருக்கிறது, அதற்குக் கீழே 'வெட்டு'. எது? பஸ் வந்துவிட்டது.

பழையபேப்பர்:
இரண்டுமே கிருதான், கான்ஜி வேறு வேறு. உடுத்து என்றால் 'கிதே' ஆகும், வெட்டு என்றால் 'கித்தே'. லேத்து அண்ணன் சொன்ன 'வந்து'ம் 'கிதே'தான், அதற்கு மூலம் 'குரு'. ஆங்கில எழுத்துப் புத்தகத்தில் இதுதான் சிக்கல். வாத்தியார் சொன்னதில் அந்த ஒன்று மட்டும் நியாயம். போனில் இடம் இருக்கிறதா? ஆப் இறங்கியதா?

மாங்கொட்டை:
இன்று புதன்கிழமை. டெஸ்ட் என்ன ஆச்சு?