எஸ்க்யூஎம் சோதனைக் குறிப்பு: படிகள் ஒன்றே, முடிவு மட்டும் ஆளுக்கு ஒன்று. ஏன்?

கேள்வி

வணக்கம். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்தமூல இயங்குதளம் போட்ட வீட்டு ரவுட்டர்களில் எஸ்க்யூஎம் (பாக்கெட்டுகள் காத்திருக்கும் வரிசையை, அதாவது க்யூவை, ஒழுங்குபடுத்தித் தாமதத்தைக் குறைக்கும் அமைப்பு) அமைப்பது பற்றித் தமிழில் ஒரு வழிகாட்டி எழுதிக்கொண்டிருக்கிறேன். என் இணைப்பு டவுன்லோடு 100 மெகாபிட், அப்லோடு 20. எஸ்க்யூஎம் இல்லாதபோது பெரிய கோப்பு ஒன்றை ஏற்றினால் பிங் (பாக்கெட் போய்த் திரும்பும் நேரம்) 14 மில்லிசெகண்டிலிருந்து 300-ஐத் தாண்டிப் போகிறது. அதே நேரத்தில் வீடியோ அழைப்பில் இருப்பவரின் குரல் வெட்டி வெட்டிக் கேட்கிறது. எஸ்க்யூஎம்-இல் கேக் என்ற க்யூ மேலாண்மை முறையைப் போட்டு, வேக வரம்பை இணைப்பு வேகத்தில் 90 சதவீதத்துக்கு வைத்ததும் பிங் 20-க்குள் அடங்கிவிடுகிறது.

என் பக்கத்தைப் பார்த்து அதே படிகளைச் செய்தவர்களில் ஒருவருக்கு நன்றாக வேலை செய்கிறது. இன்னொருவருக்கு எந்த மாற்றமும் இல்லை. மூன்றாமவருக்கு வேகம் பாதியாகிவிட்டது. எல்லாரும் வேகச் சோதனைத் தளத்தின் படத்தை அனுப்புகிறார்கள். அதிலிருந்து எனக்கு ஒன்றும் புரியவில்லை. சோதனை முடிவோடு என்னென்ன குறித்துவைக்கச் சொல்ல வேண்டும்? “90 சதவீதம் வையுங்கள்” என்று எழுதியிருப்பது சரிதானா?

பதில் 1

நல்ல வேலை செய்கிறீர்கள். தமிழில் இப்படி ஒரு பக்கம் இருந்தே ஆக வேண்டும். நான் இரண்டு கோர் உள்ள பழைய ரவுட்டர் ஒன்றில் ஒவ்வொரு புதிய ஓப்பன்டபிள்யூஆர்டி பதிப்பையும் சோதித்துக் குறிப்பு எழுதி வருகிறேன், அதை வைத்துச் சொல்கிறேன்.

வேகச் சோதனைப் படத்தைக் கேட்பதை முதலில் நிறுத்துங்கள். எஸ்க்யூஎம் தீர்க்க வந்தது வேகத்தை அல்ல, பளு ஏறும்போது வரும் தாமதத்தை. ஆகவே குறிப்பில் மூன்று தாமதங்கள் வேண்டும்: சும்மா இருக்கும்போது, டவுன்லோடு மட்டும் நடக்கும்போது, அப்லோடு மட்டும் நடக்கும்போது. இரண்டு திசையையும் ஒன்றாகப் போட்டுக் கிடைத்த ஒரே எண் இருந்தால் கோளாறு எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க முடியாது. இந்த மூன்றும் முடிந்த பிறகு இரு திசையிலும் ஒரே நேரத்தில் பளு ஏற்றிப் பாருங்கள். ஃப்ளென்ட் கருவியில் உள்ள ஆர்ஆர்யூஎல் சோதனை இதற்கென்றே செய்தது. நான்கு டிசிபி (கோப்புகளைக் கொண்டுபோகும் வழக்கமான இணைய நெறிமுறை) ஓட்டங்கள் மேலே, நான்கு கீழே, கூடவே தாமத அளவீடு. முடிவில் வரைபடத்தோடு எல்லா அளவுகளும் அடங்கிய தரவுக் கோப்பும் கிடைக்கும். அந்தக் கோப்பையே அனுப்பச் சொல்லுங்கள். படத்தில் சராசரி மட்டும்தான் கண்ணில் படும். பத்தாவது நொடியில் தாமதம் ஒரு முறை எகிறியது கோப்பில்தான் இருக்கும்.

இப்போது “மாற்றமே இல்லை” என்றவர். ரவுட்டரில் ‘டிசி மைனஸ் எஸ் க்யூடிஸ்க் ஷோ’ கட்டளையைச் சோதனைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை கொடுக்கச் சொல்லுங்கள். கேக் இரண்டு இடத்தில் தெரிய வேண்டும்: வெளிப்பக்க இடைமுகத்தில் அப்லோடுக்கு ஒன்று, ‘ஐஎஃப்பி4’ என்று தொடங்கும் மெய்நிகர் இடைமுகத்தில் டவுன்லோடுக்கு ஒன்று. இரண்டாவதை மறந்துவிட்டு, டவுன்லோடு பக்கம் எதுவும் அமையவில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த இடைமுகத்தில் ‘சென்ட்’ என்ற வரியில் பைட் எண்ணிக்கை இருக்கும். 90 மெகாபிட்டில் 60 நொடி டவுன்லோடு ஓடினால் அது ஏறத்தாழ 675 மெகாபைட் கூடியிருக்க வேண்டும். கொஞ்சமாகவே கூடியிருந்தால் போக்குவரத்து கேக் வழியாகப் போகவே இல்லை. வன்பொருள் ஃப்ளோ ஆஃப்லோடிங் இயங்கிக்கொண்டிருக்கும். அது பாக்கெட்டுகளைக் கர்னலின் (இயங்குதளத்தின் மையப்பகுதியின்) க்யூவைத் தொடாமலே அனுப்பிவிடும். அதை அணைத்துவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.

பைட் சரியாகக் கூடியும் தாமதம் குறையவில்லையா? அதே வெளியீட்டில் ‘டிராப்ஸ்’ (கைவிட்ட பாக்கெட்டுகள்), ‘மார்க்ஸ்’ (நெரிசல் குறி போட்ட பாக்கெட்டுகள்) வரிகளைப் பாருங்கள். முழுப் பளுவில் இரண்டுமே பூஜ்யம் என்றால் க்யூ இங்கே உருவாகவில்லை, வேறெங்கோ உருவாகிறது. அநேகமாக மோடத்தில். நீங்கள் கொடுத்த வேகம் இணைப்பின் உண்மையான வேகத்தைவிடக் கூடுதலாக இருக்கிறது என்று அர்த்தம்.

வேகம் பாதியானவருக்குப் பெரும்பாலும் சிபியு போதவில்லை. சோதனையின்போது ‘டாப்’ ஓடவிட்டு ‘எஸ்ஐஆர்க்யூ’ (மென்பொருள் குறுக்கீடுகளுக்குச் செலவாகும் சிபியு பங்கு) எண்ணைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று கவனம்: நான்கு கோர் உள்ள ரவுட்டரில் ஒரு கோர் முழுவதும் நிரம்பியிருந்தாலும் மொத்தக் கணக்கில் 25 சதவீதம்தான் தெரியும், பாக்கி எல்லாம் ஓய்வு என்றே காட்டும். கோர் வாரியாகப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அளக்கும் நிரலை ரவுட்டரிலேயே ஓட்டவும் கூடாது. ஐபெர்ஃப்3 அங்கே ஓடினால் கேக்குக்குப் போக வேண்டிய சிபியு நேரத்தை அது தின்றுவிடும். ரவுட்டருக்குப் பின்னால் கேபிளில் இணைந்த கணினியிலிருந்து அளந்தால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

அப்புறம், 90 சதவீதம். என்னைக் கேட்டால் அந்த வரியை நீக்கிவிட்டு ஒரு முறையைச் சொல்லுங்கள். எஸ்க்யூஎம் இல்லாமல் அளந்த வேகத்தில் 80 சதவீதத்தில் தொடங்கி, தாமதம் சரியாக இருக்கிறதா என்று பார்த்து, சிறு சிறு படியாக ஏற்றி, தாமதம் கூடத் தொடங்கும் இடத்தில் ஒரு படி இறங்கி நிற்க வேண்டும். ஒருவருக்கு அது 95-இல் வரும், இன்னொருவருக்கு 85-இல் வரும். எந்த எண்ணில் நின்றார்கள், அதற்கு அடுத்த படியில் தாமதம் எவ்வளவு கூடியது என்ற இரண்டையும் குறிப்பில் சேருங்கள்.

இங்கே ஓவர்ஹெட் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான வழிகாட்டிகள் இதை ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. ஒவ்வொரு பாக்கெட்டோடும் இணைப்பு கூடுதலாகச் சுமக்கும் பைட்டுகளைத்தான் ஓவர்ஹெட் என்கிறோம். 44 பைட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1500 பைட் பாக்கெட்டில் அது 3 சதவீதம்கூட இல்லை. 64 பைட் பாக்கெட்டிலோ கிட்டத்தட்ட 70 சதவீதம். கோப்பு டவுன்லோடில் போவதெல்லாம் பெரிய பாக்கெட். அதனால் ஓவர்ஹெட்டைத் தப்பாகக் கொடுத்திருந்தாலும், வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்து வைத்த இடைவெளியில் அந்தத் தப்பு மறைந்துவிடும். சோதனை வெற்றி என்று எழுதிவிடுவோம். விளையாட்டு, குரல் அழைப்பு, டிசிபி ஏசிகே (‘வந்து சேர்ந்தது’ என்னும் பதில்) என்று சின்னச் சின்னப் பாக்கெட்டுகள் குவியும் நேரத்தில்தான் க்யூ மோடத்துக்கு நழுவும். ஏடிஎம் (தரவைச் சிறு செல்களாக வெட்டி அனுப்பும் முறை) வகையில் இயங்கும் பழைய ஏடிஎஸ்எல் தொலைபேசிக் கம்பி இணைப்பில் நிலைமை இன்னும் மோசம்: 53 பைட் செல்லில் தரவுக்கு 48 பைட்தான், கடைசிச் செல் நிரம்பாவிட்டாலும் முழுதாகவே போகும். கேபிள் மோடம் என்றால் கேக்கில் ‘டாக்சிஸ்’ என்ற சொல்லே போதும், 18 பைட் ஓவர்ஹெட், 64 பைட் எம்பியு (ஒரு பாக்கெட்டுக்குக் கணக்கிடும் குறைந்தபட்ச அளவு) இரண்டும் தானாக அமைந்துவிடும். எனவே குறிப்பில் இணைப்பின் வகையும் ஓவர்ஹெட் எண்ணும் இல்லாவிட்டால் அந்த முடிவை வேறு யாரோடும் ஒப்பிட முடியாது. அப்படிப்பட்ட முடிவுகளை என் பக்கத்தில் சேர்ப்பதே இல்லை.

பதில் 2

மேலே சொன்னதெல்லாம் சரி. ஒன்றைச் சேர்க்கிறேன்: அந்த மூன்று பேரும் வைஃபையில் சோதித்தார்களா, கேபிளிலா? வைஃபையில் அடைப்பு இருந்தால் வெளிப்பக்க இடைமுகத்தில் இருக்கும் கேக் அதை ஒன்றும் செய்ய முடியாது. அந்த க்யூ வைஃபை டிரைவரில் இருக்கிறது. ஏத்9கே, ஏத்10கே, எம்டி76 போன்ற டிரைவர்களில் எஃப்க்யூ-கோடெல் என்ற க்யூ மேலாண்மை வழிமுறை உள்ளேயே இருப்பதால் ஓரளவு சமாளிக்கும். எல்லா டிரைவரிலும் அப்படி இல்லை. முதலில் கேபிளில் அளந்து முடித்துவிட்டு, பிறகு வைஃபையில் தனியாக அளந்து, இரண்டையும் தனித்தனிப் பத்தியாக எழுதச் சொல்லுங்கள்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே கேட்டுப் பார்த்தேன். மாற்றமே இல்லை என்றவரின் ஐஎஃப்பி4 எண்ணிக்கை சில மெகாபைட்தான் கூடியிருந்தது, ஆஃப்லோடிங் இயங்கிக்கொண்டிருந்தது. அணைத்ததும் தாமதம் இறங்கிவிட்டது. வேகம் பாதியானவருக்கு ஒரு கோர் முழுக்க நிரம்பியிருக்கிறது.

புதிதாக ஒரு கேள்வி. அந்தக் கட்டளையின் வெளியீட்டைப் பார்த்த ஒருவர் “ஆயிரக்கணக்கில் டிராப்ஸ் வருகிறதே, பாக்கெட் தொலைகிறதே” என்று பயந்துபோய் எஸ்க்யூஎம்-ஐயே எடுத்துவிட்டார். இதை எப்படி விளக்குவது?

பதில் 1 எழுதியவர்

நேராகவே சொல்லிவிடுங்கள்: அந்த டிராப்ஸ்தான் வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம். வேகத்தைக் குறைக்கச் சொல்லி டிசிபிக்குச் சேதி அனுப்ப இரண்டு வழிதான் உண்டு: பாக்கெட்டைக் கைவிடுவது, அல்லது ஈசிஎன் குறி (நெரிசல் என்று பாக்கெட்டிலேயே இடும் அடையாளம்) போடுவது. இரு முனையும் ஈசிஎன் பேசினால் எண்ணிக்கை ‘மார்க்ஸ்’ வரியில் ஏறும், பேசாவிட்டால் ‘டிராப்ஸ்’ வரியில். கேத்லீன் நிக்கோல்ஸ், வான் ஜேக்கப்சன் இருவரும் 2012-இல் வெளியிட்ட கோடெல் முறை க்யூவின் நீளத்தைப் பார்ப்பதில்லை, பாக்கெட் அதில் எவ்வளவு நேரம் காத்திருந்தது என்பதைப் பார்க்கிறது. காத்திருப்பு 5 மில்லிசெகண்டுக்குக் கீழே இறங்காமல் 100 மில்லிசெகண்டு நேரம் தொடர்ந்தால்தான் பாக்கெட்டைக் கைவிடத் தொடங்கும். சிறு நெரிசல் வந்து உடனே கரைந்தால் அது கைவைக்காது. கேக்கும் இதே வழியில்தான் நடக்கிறது. இந்த விளக்கத்தை ‘டிராப்ஸ்’ வரிக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள், பக்கத்தின் கடைசியில் தனித் தலைப்பாகப் போட்டால் பயந்தவர் அதுவரை படிக்க மாட்டார்.

5 மில்லிசெகண்டு என்பதை எல்லாருக்கும் பொதுவாக எழுதிவிடாதீர்கள். அப்லோடு 1 மெகாபிட் உள்ள இணைப்பில் 1514 பைட் பாக்கெட் ஒன்று வெளியேறவே 12 மில்லிசெகண்டு ஆகும். அங்கே 5 என்ற இலக்கு நடக்காத காரியம், கேக் தானாகவே அதை உயர்த்திக்கொள்ளும். வெளியீட்டில் ‘டார்கெட்’ என்ற வரியில் அது தெரியும். யாராவது வேறு எண்ணைப் பார்த்துவிட்டுக் கேட்டால் பதில் தயாராக இருக்கட்டும்.

கோர் நிரம்பியவருக்கு: கேக்குக்குப் பதில் எஸ்க்யூஎம்-இல் உள்ள ‘சிம்பிள்’ ஸ்கிரிப்டும் எஃப்க்யூ-கோடெலும் போட்டு அதே சோதனையை மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். சிபியு தேவை பெரும்பாலும் குறையும். அதிலும் முழு வேகம் வரவில்லை என்றால், டவுன்லோடு பக்கத்தை விட்டுவிட்டு அப்லோடு பக்கம் மட்டும் எஸ்க்யூஎம் வைக்கலாம். அப்லோடு வேகம் குறைவு, அதற்கு அந்த ரவுட்டர் தாங்கும். அழைப்பில் குரல் வெட்டுவதும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தால்தான். டவுன்லோடு வேகப் பெட்டியில் பூஜ்யம் கொடுத்தால் அந்தத் திசையில் எஸ்க்யூஎம் இயங்காது. இந்தத் தகவலையும் பக்கத்தில் சேருங்கள், பழைய ரவுட்டர் வைத்திருப்பவர்களுக்கு உதவும்.

கேட்டவர்

சேர்த்துவிடுகிறேன். கோர் நிரம்பியவரிடமிருந்து இரண்டு சோதனைகளின் ஃப்ளென்ட் கோப்புகளையும், ரவுட்டர் மாடல், பதிப்பு எண், ஓவர்ஹெட் எல்லாவற்றையும் வாங்கி இங்கேயே போடுகிறேன்.